லவுட்ஸ்பீக்கர் பேசாமல் போன வழி

கழுத்தில் கத்தி இருக்கும்போது பிரசங்கம் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அந்தத் தைரியத்தில்தான் அத்தான் இத்தனை காலமாக வேதம் சொல்லி வருகிறார் என்று வேன்காரன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அத்தானின் சலூன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு சுழல் நாற்காலிகள், அதில் ஒன்று ஏறும், இறங்காது. கண்ணாடிக்கு மேலே கரி படிந்த பாடுபட்ட சுரூபம், சிலுவையில் இயேசு. கீழே பலகையில் படிகாரக்கல், தண்ணீர் பீச்சும் பாட்டில், பவுடர் டப்பா, சீப்புகள் ஊறும் கண்ணாடித் தம்ளர். வாசலில் ஒரு கொடி, அதில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் துண்டுகள். கன்னத்தில் நுரை ஏறும்போது உலகம் படைக்கப்பட்டிருக்கும். நோவா பேழையில் ஏறுவதற்குள் ஒரு கன்னம் முடியும், மறு கன்னத்தில் வெள்ளம் வடியும். மோசே கடலைப் பிளக்கும்வரை மீசைக்கு வரவே மாட்டார்.

"அண்ணே, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு. மோசேயைக் கொஞ்சம் வேகமா நடக்கச் சொல்லுங்க" என்பார்கள்.

"பின்னாடி கிழவிங்க, கைக்குழந்தைங்க எல்லாம் வருது. அவரு எப்படி வேகமா நடப்பாரு?" என்று அத்தான் பதில் சொல்வார். சொல்லிவிட்டு இன்னும் மெதுவாகச் சிரைப்பார்.

ஊர் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தது. அவருக்கும் அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேன்காரனின் சின்னக்காவைக் கட்டியவர் அவர். "இந்த மனுஷன் தூங்கறப்பதான் வாய மூடுவாருன்னு நம்பிக் கட்டிக்கிட்டேன். தூக்கத்துல ஜெபமாலை சொல்றாரு, நானும் எதிர்ப்பாட்டு சொல்ல வேண்டியிருக்கு" என்று சின்னக்கா யாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் வாரக் கடைசியில் சலூன் பூட்டியிருக்கும். கத்தரி, கத்தி, துண்டு எல்லாவற்றையும் ஒரு கான்வாஸ் பையில் போட்டுக்கொண்டு, சாமியார் போக முடியாத ஊர்களுக்கு அவர் போய்விடுவார். அவர் உபதேசியார். குருப்பட்டம் இல்லை, சம்பளம் இல்லை, குடும்பஸ்தர். காலையில் முடி வெட்டுவார், சாயங்காலம் வேதம் சொல்வார். "வெளித்தலையை முதல்ல பாப்பேன். உள்தலை தானா குனியும்" என்பார்.

நாடு இரண்டாகப் பிளந்து சண்டை தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ராணுவம், அந்தப் பக்கம் எதிர்த்தரப்பு. பெரிய வியாபாரிகள் போக முடியாத இடத்துக்கும் சவரப்பெட்டி போயிற்று. முடி எந்தக் கட்சியையும் பார்த்து வளர்வதில்லை அல்லவா? ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் யோனாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குண்டு விழுந்து கூரைச் சுண்ணாம்பு எல்லார் தலையிலும் கொட்டியது. மீன் வயிற்றிலிருந்து யோனாவை வெளியே கொண்டுவராமல் யாரையும் எழ விடவில்லையாம். பிறகு, "எல்லாருக்கும் தலை நரைச்சுப்போச்சு, வாங்க கழுவி விடறேன்" என்றாராம். இன்னொரு முறை ஏதோ ஒரு முகாமில் பிடித்துவைத்து அங்கிருந்த எல்லாருக்கும் முடி வெட்ட வைத்தார்கள். திரும்பி வந்தவரிடம் பயந்தீர்களா என்று கேட்டதற்கு, "கத்தி மழுங்கிப்போச்சு மாப்ள. அவங்க தாடி தாடியா அது, கம்பி!" என்று அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன்காரனுக்கு இதெல்லாம் கதையாகத்தான் பட்டது. கல்யாணம், சாவு என்றால் கோயிலுக்குப் போவான். மற்ற நாள் மாவு மூட்டையும் காய்கறியும் ஏற்றி இறக்குவான். அத்தான் வேனில் ஏறினால் அவன் கை தானாக ரேடியோவுக்குப் போகும், சத்தத்தைக் கூட்டும். அத்தான் அதற்கும் மேலே பேசுவார். இருவருக்கும் நடுவில் இது ஒரு நீண்ட போர், அதில் ரேடியோ ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இப்படி இருந்தபோதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியக்காவைப் பற்றிய சேதி வந்தது.

பெரியக்கா வேன்காரனுக்கும் சின்னக்காவுக்கும் மூத்தவள். அம்மா போன பிறகு இருவரையும் வளர்த்தவள். அந்தப் பக்கத்தில் புருஷனோடு ரொட்டிக் கடை வைத்தாள், புருஷன் போன பிறகும் தனியாக நடத்தினாள். கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருக்கிறாள் என்று அங்கிருந்து வந்த காய்கறிக்காரி சொன்னாள்.

"உங்க அக்கா அழல. ஆண்டவரை வாங்காம நான் போக மாட்டேன்னு என் தம்பிகிட்ட சொல்லுன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு."

அந்தப் பக்கத்துக்குக் குருக்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அங்கியைக் கண்டாலே உளவாளி என்றார்கள். போன ஒருவர் திரும்பவில்லை. ஆகவே அங்கே பூசை இல்லை, ஆண்டவரின் உடலாக மாறும் அப்பத்தை நன்மையாக வாங்குவதும் இல்லை. பெரியக்காவுக்கு அந்த நற்கருணை போக வேண்டுமென்றால் அது ஒரு குடும்பஸ்தனின் கழுத்தில்தான் போக வேண்டும்.

பங்குச் சாமியார் அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தான் யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் சின்னக்கா தம்பியைப் பார்த்தாள். "வேனை எடு" என்றாள்.

"ரோடு கெட்டுக் கெடக்கு. டீசல் கெடைக்கல. வேனைப் புடுங்கிக்கிட்டா நான் தெருவுல நிப்பேன்" என்றான் அவன்.

"அவ உன்னை இடுப்புல தூக்கிட்டு மாவு பிசைஞ்சா. அப்ப டீசல் கெடைச்சுதா?"

அவன் டீசல் தேடப் புறப்பட்டான்.

புறப்படுவதற்கு முன் அத்தான் ஒரு விஷயம் சொன்னார். நற்கருணை கூட வரும்போது வழியில் பேசக்கூடாது. சின்னக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு, நீங்களா? அவ்வளவு தூரம்? ஆண்டவருக்கே ஆச்சரியமா இருக்கும்."

"ராஜா வண்டியில உக்காந்திருக்கும்போது வண்டிக்காரன் கதையடிப்பானா?" என்றார் அத்தான்.

"நான் அடிப்பேன்" என்றான் வேன்காரன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் பீடத்திலிருந்து சின்னச் சின்ன வெள்ளை அப்பங்களை எடுத்து ஒரு பித்தளைச் சிமிழில் வைத்தார். கைக்குள் அடங்கும் சிமிழ். அதை ஒரு பட்டுப் பையில் போட்டு, கயிற்றை அத்தானின் கழுத்தில் மாட்டினார். அத்தான் அதைச் சட்டைக்குள் விட்டு, மேல் பித்தான் வரை போட்டுக்கொண்டார்.

"பேச்சு வேண்டாம். மெதுவா போங்க. யாராவது புடுங்கப் பாத்தா, ஆண்டவரை அவமானப்பட விடக்கூடாது. நீங்களே உட்கொண்டுடுங்க" என்றார் சாமியார்.

அத்தான் தலையசைத்தார். அந்த நிமிடத்திலிருந்து பேச்சு நின்றது.

வேனில் ஏறியதும் வேன்காரனின் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போனது. போட்டுவிட்டு உடனே குறைத்தான். பக்கத்தில் சத்தமில்லாதபோது அது எதற்குக் கத்துகிறது என்று தோன்றியது. பிறகும் அதை அணைக்க மனம் வரவில்லை, முணுமுணுக்க விட்டான். எரிந்த பஸ் ஒன்று கூடாகக் கிடந்தது. பெட்ரோல் பங்கில் குழாய்கள் மட்டும் நின்றன. கம்பி இல்லாத மின்கம்பங்கள் வரிசையாக எங்கோ போயின.

"அத்தான், அந்த ஆடு உங்களை மாதிரியே பாக்குது" என்றான். பதிலில்லை.

"சலூன்ல புது நாற்காலி வாங்கணும்னீங்களே?" பதிலில்லை.

"மோசேக்கு எத்தனை பொண்டாட்டி?" அதற்கும் பதிலில்லை. கண் மட்டும் ஒரு தரம் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. கை மார்பின் மேல் இருந்தது, தூங்கும் குழந்தையின் முதுகில் வைப்பதுபோல, பாரமில்லாமல்.

ராணுவத்தின் சோதனைச் சாவடியில் அவரை எல்லாருக்கும் தெரியும். மணல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

"என்ன லவுட்ஸ்பீக்கர், இன்னிக்குக் கரண்ட் இல்லையா?"

அத்தான் கைகூப்பினார். இன்னொருவன் ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தான். "டேய், இவரு பேசல. ஏதோ பெரிய காய்ச்சல் போல, விட்டுடு, நமக்கும் ஒட்டிக்கும்." சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கினார்கள்.

இவ்வளவுதானா என்று வேன்காரனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆற்றுப் பக்கம் போகப் போக நிம்மதி கரைந்தது. துறையின் இந்தக் கரையையும் எதிர்த்தரப்பு பிடித்துவைத்திருந்தது, அவர்களுடைய சாவடி ஒரு மர அறுவை மில்லில் இருந்தது. அங்கே அத்தானுக்குப் பழக்கமான ஆட்கள் யாரையும் காணோம். புதுத் தலைவன் ஒருவன் வந்திருந்தான். தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. தூங்கி எத்தனையோ நாளானவன்போல் கண்கள் சிவந்திருந்தன.

இருவரையும் கீழே இறக்கினார்கள். பையைக் கொட்டினார்கள். கத்திகளும் கத்தரிகளும் மரத்தூளில் விழுந்தன.

"யாருய்யா நீ? எங்க போற?" என்று தலைவன் அத்தானைக் கேட்டான்.

அத்தான் அவனை மரியாதையாகப் பார்த்தார். பேசவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன்."

ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தான். வேன்காரனுக்கு யோசிப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"அவரு ஊமைங்க ஐயா! பொறவி ஊமை! முடி வெட்டறவரு. எங்க அக்கா சாகக் கெடக்கறா, பாக்கப் போறோம்."

அத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். இல்லை என்று சொல்லவும் முடியாது, ஆமாம் என்று தலையசைக்கவும் மாட்டார். அப்படியே நின்றார். தலைவனின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அந்த நேரத்தில்தான் மில்லுக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய சமையல்காரன் வந்தான். ஒரு கையில் கரண்டி, தோளில் துடைக்கும் துணி.

"அட, லவுட்ஸ்பீக்கர் அண்ணே! நீங்களா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கூவினான். "என்ன ஞாபகம் இருக்கா? பஸ் ஸ்டாண்ட் ஓட்டல்ல இருந்தேனே! உங்க மோசே கடலைத் தாண்டறதுக்குள்ள என் ஒரு பக்க மீசையே காணாம போச்சே!"

யாரும் சிரிக்கவில்லை. சமையல்காரன் சுற்றிலும் பார்த்தான். தான் எதையோ கவிழ்த்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. கரண்டி மெல்லக் கீழே இறங்கியது.

"பொறவி ஊமை" என்றான் தலைவன், வேன்காரனைப் பார்த்து. பிறகு அத்தானிடம் வந்தான். "பேசு. எதுக்கு வந்தே? யாரு அனுப்பினா? ஒரு வார்த்தை பேசு."

பேசலாம். வழியில் பேசாதிருப்பது ஒரு வழக்கம், மீறினால் பாவமில்லை. அது வேன்காரனுக்கே தெரியும். "பேசுங்க அத்தான்!" என்று கத்தினான். வாழ்நாளெல்லாம் நிறுத்துங்கள் என்று தான் சொல்லிவந்த மனிதரிடம் அவன் முதல் முறையாகப் பேசச் சொன்னான். அத்தான் பேசவில்லை.

தலைவனின் கண் சட்டைக் காலருக்குள் போகும் கயிற்றைக் கண்டது. "கழுத்துல என்ன?" என்று கையை நீட்டினான்.

அத்தான் ஒரு அடி பின்னால் வைத்தார். அவர் கை மேல் பித்தானுக்குப் போனது. வேன்காரனுக்குச் சாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. புடுங்கப் பார்த்தால் நீங்களே உட்கொண்டுவிடுங்கள். ஒரு விழுங்கு, அவ்வளவுதான். சிமிழ் காலியாகிவிடும், அவமானம் வராது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் பெரியக்கா சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

முழுங்கிடாதீங்க, முழுங்கிடாதீங்க என்று அவன் உள்ளே துடித்தான். அந்தச் சிமிழில் ஏதோ இருக்கிறது என்று அவன் வாழ்க்கையில் முதன்முதலாக நம்பியது அந்த நொடியில்தான். இல்லாத ஒன்றுக்காக யாரும் இப்படித் துடிக்க மாட்டார்கள் என்று பிற்பாடு தோன்றியது.

அத்தான் மரத்தூளில் முழங்காலிட்டார். துப்பாக்கி அவர் தலைக்கு மேல் இருந்தது. அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. பையை வெளியே எடுத்து, சிமிழைத் திறந்து, தலைவன் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பி சரியாக அந்த வெள்ளையின் மேல் விழுந்தது. வெயில் என்றால் எங்கேயாவது விழத்தான் செய்யும். ஆனாலும் அங்கே நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

சமையல்காரன் கரண்டியோடு அப்படியே முழங்காலிட்டான்.

"இதுதானா?" என்றான் தலைவன். குரல் முன்போல் இல்லை. "இதுக்கா?"

"ஆண்டவரை எடுத்துட்டுப் போறாரு தலைவரே" என்றான் சமையல்காரன், தலையைத் தூக்காமல். "அதான் பேசல. எங்க அம்மா சாகறப்போ இப்படித்தான் ஒருத்தர் வந்தாரு. தெருவே பேசல."

தலைவன் சிவந்த கண்ணைக் கசக்கினான். பிறகு ஒரு மரப்பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான். "முடி வெட்டறவர்தானே? இந்தத் தாடியை எடு. நீ பேசாம எவ்வளவு நேரம் இருக்கேன்னு பாக்கறேன்."

அத்தான் சிமிழை மூடிச் சட்டைக்குள் விட்டார், பித்தான் போட்டார். தூளில் கிடந்த கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்தார். சமையல்காரன் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். நுரை ஏறியது. தலைவனின் தொண்டையில் கத்தி. அத்தானின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள். நோவா இல்லை, வெள்ளம் இல்லை. கத்தி தாடியைச் சீவும் சரக் சரக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் தலைவன்தான் பேசினான். "கத்தி நல்ல கத்தி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இப்பல்லாம் தூக்கம் வரதில்ல" என்றான். அத்தான் அவன் மோவாயை மெல்லத் திருப்பினார். "அந்த ஆத்துப் பாலம் இருக்கே, அதை ஒடைச்சது நான்தான்" என்றான். பிறகு குரல் தாழ்ந்துபோனது. வேன்காரன் நின்ற இடத்திலிருந்து உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தலைவன் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். நிறுத்தத் தெரியாதவனாகப் பேசினான், சலூனில் அத்தான் பேசுவதுபோல. ஒரு இடத்தில் அத்தானின் கத்தி நின்றது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. கத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைவனின் தலையில் வைத்து, அவன் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மறு கன்னத்தைத் தொடங்கினார்.

காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றினார்கள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

முகத்தைத் துண்டால் ஒற்றிப் படிகாரம் தடவியதும் தலைவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். யாரையும் நேராகப் பார்க்கவில்லை. "வேன் இங்க நிக்கட்டும். நடந்து போங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்" என்றான்.

படகுத்துறை வரைக்கும் சமையல்காரன் முன்னால் நடந்தான். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டான். கையிலிருந்த கரண்டியை மெழுகுவர்த்திபோல் நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தான். வேறு நாளாக இருந்தால் வேன்காரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்று அவனும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். உடைந்த பாலத்தின் தூண்கள் ஆற்றுக்குள் நின்றன. படகுக்காரன் இவர்கள் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த பீடியைத் தண்ணீரில் துப்பினான். கூலி எவ்வளவு என்றுகூடச் சொல்லவில்லை.

ரொட்டிக் கடையின் பின்னறையில், ஆறிப்போன ரொட்டி அடுப்பின் சுவரில் முதுகைச் சாய்த்துப் பெரியக்கா உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தலையணை மேல். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்தாள். அத்தான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாசலைக் கடந்து வந்தார்.

"அய்யோ, சின்னவனே" என்றாள் பெரியக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "இவரு பேசாம வர்றாரே, நான் செத்துட்டேனா?"

வேன்காரன் சிரித்தான், அழுதான், இரண்டும் சேர்ந்து மூக்கில் வந்தது. "இல்லக்கா. ஆண்டவர் வந்திருக்காரு" என்றான். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

மாவு பிசையும் பலகையின்மேல் பக்கத்து வீட்டுக்காரி வெள்ளைத் துணி விரித்தாள். விஷயம் எப்படித் தெரிந்ததோ, கடைக்குள்ளும் வாசலிலும் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். அத்தான் அவர்களோடு சேர்ந்து, பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார். சிமிழ் கழுத்தில் ஏறிய பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது, துருப்பிடித்த கதவுபோல் கரகரத்தது. பெரியக்காவால் முழு அப்பத்தை விழுங்க முடியாது. அவர் ஓரத்தில் கிள்ளி, பொடியளவு, அவள் நாக்கில் வைத்தார். கரண்டியில் தண்ணீர் கொடுத்தார். அவள் தொண்டை அசைவதை அறை முழுக்கப் பார்த்தது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் தோள் வரை ஏறி ஏறி இறங்கிய மூச்சு, அப்போது கொஞ்ச நேரம் சாதாரணமாக வந்தது. கொஞ்ச நேரம்தான். அதை வேன்காரன் கண்ணால் கண்டான்.

மற்றவர்களும் வாங்கினார்கள். சிமிழ் காலியாயிற்று. அதைத் தண்ணீர் விட்டு அலம்பிக் குடித்து, துடைத்து மூடினார் அத்தான். இனிப் பேசலாம். ஒரு வருடமாகப் பிரசங்கம் கேட்காத சனம் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்ப உட்கார்ந்து பெரியக்காவின் காலைத் தலையணையில் சரியாக எடுத்து வைத்தார்.

"பேசுங்க தம்பி" என்றாள் பெரியக்கா. "சும்மா இருந்தா பயமா இருக்கு."

"ரொட்டி வாசனையே இல்லையேக்கா" என்றார் அத்தான்.

"மாவு இல்ல. அதான்."

"அடுத்த தடவை மாப்ள கொண்டு வருவான்."

அவ்வளவுதான் அன்றைய பிரசங்கம். யாரும் குறை சொல்லவில்லை. வாசலில் இருந்தவர்கள் வெகுநேரம் எழவும் இல்லை.

புறப்படும்போது பெரியக்கா தம்பியின் சட்டைப் பித்தான் ஒன்று தொங்குவதைப் பார்த்து, தைக்கச் சொல்லு என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள், விடியற்காலையில், உட்கார்ந்தபடியே. காய்கறிக்காரிதான் வந்து சொன்னாள். "அவசரமே இல்லாம போனா" என்றாள்.

பெரியக்காவைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் மில்லுக்குத் திரும்பியபோது தலைவன் வேனின் அருகில் நின்றுகொண்டிருந்தான். மழித்த முகத்தில் அவன் வயது குறைந்து தெரிந்தான்.

"இப்போ பேசுவியா?" என்று அத்தானைக் கேட்டான்.

"பேசுவேன் ஐயா."

"அப்போ காலையில நான் சொன்னதை..." தலைவன் நிறுத்தினான். அவன் கை துப்பாக்கி வாரை இறுக்கிப் பிடித்திருந்தது. "யார்கிட்ட போய்ச் சொல்லுவே?"

அத்தான் அவனைப் பார்த்தார். "நீங்க என்கிட்ட சொல்லலையே" என்றார். அவர் கை, காலையில் ஆண்டவர் இருந்த நெஞ்சின் மேல் இருந்தது.

தலைவன் துப்பாக்கி வாரை விட்டான். தானே போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினான். வேன் தாண்டிப் போன பிறகும் அதை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

தலைவன் என்ன சொன்னான் என்று வேன்காரனுக்கு இன்றுவரை தெரியாது. வாயில் எதுவும் தங்காத மனிதர், யாருடைய வீட்டுச் சண்டையையும் நாற்காலியில் உட்காரும் ஆளுக்கெல்லாம் சொல்லிவிடும் மனிதர், அதை மட்டும் சின்னக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

எரிந்த பஸ்ஸைத் தாண்டும்போது வேன்காரனால் பொறுக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்? அவன் சுட்டிருந்தா? பாவமில்லைதானே?"

"பாவமில்லதான்" என்றார் அத்தான். "ஆனா என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா மாப்ள? நான் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். ஆதாம்ல தொடங்கி அவனுக்குப் புத்தி சொல்லியிருப்பேன். அப்புறம் அங்க என் பேச்சுதான் இருந்திருக்கும். ஆண்டவரு இருந்திருக்க மாட்டாரு."

கொஞ்ச தூரம் போனதும் அவர் இருக்கையில் நெளிந்தார். இந்த சீட்டில் ஸ்பிரிங் குத்துகிறது, நினிவேக்கு நடந்து போன யோனாவுக்குக்கூட முதுகு இப்படி வலித்திருக்காது என்று தொடங்கினார். வேன்காரனின் கை தானாக ரேடியோவுக்குப் போனது. குமிழைத் திருகி அணைத்தது.

அத்தான் பாதியில் நிறுத்தினார். ரேடியோவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ரிப்பேரா?"

"இல்ல அத்தான். நீங்க சொல்லுங்க. யோனா என்ன ஆனாரு?"